ஐந்தாம் வினாவில் ஒரே பிழை

ஒன்பது விடைத்தாள்கள் என் மடிக்கணினித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதல் நான்கு வினாக்களுக்கும் ஒன்பது பேரும் சரியான விடையைத் தெரிவுசெய்திருந்தனர். ஐந்தாம் வினாவுக்கு ஒன்பது பேரும் தவறான விடையைத் தெரிவுசெய்திருந்தனர். அதுவும் ஒரே தவறு. அதன்பின் பத்தாம் வினா வரை மீண்டும் ஒரே போக்கு. ஒன்பது தாள்களும் நண்பகல் ஒரு மணிக்குப் பின் கால்மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்திருந்தன.

வாழ்நாளெல்லாம் தாள் திருத்தியவர் எவருக்கும் முதலில் தோன்றுவதே எனக்கும் தோன்றியது. பார்த்து எழுதியிருக்கிறார்கள்! ஆனால் எழுதியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெரியவர்கள். மதிப்பெண் எதுவும் தராத ஒரு பயிற்சித் தேர்வில் அவர்கள் எதற்காகப் பார்த்து எழுதவேண்டும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

திருவள்ளூரில் அரசுப் பள்ளித் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் பழஞ்சுவடிகளின் படிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடு குறிக்கும் பணியில் பொழுது போயிற்று. அந்நிலையில் எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்தார் ஒரு வேண்டுகோளுடன் வந்தனர். ஆலைத் தொழிலாளர் ஒன்பது பேர் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுத விரும்புகின்றனர். மற்றப் பாடங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது, தமிழுக்கு நான் வரவேண்டும் என்றனர். மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நூலக மாடியில் வகுப்பு என்று முடிவாயிற்று. முதல் ஞாயிறு நால்வர் வந்தனர். அடுத்த ஞாயிறு வேறு மூவர். மூன்றாம் ஞாயிறு இருவர். அவர்களுள் ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் விடைபெற்றுச் செல்லவே வந்தவர். ஒருவருக்கு வார விடுமுறை திங்கள், ஒருவருக்கு வியாழன், ஒருவருக்கு மாதந்தோறும் மாறும். ஒன்பது பேரையும் ஒரே அறையில் ஒரே நாளில் அமர்த்த எவராலும் இயலாது என்பது எனக்குப் புலனாயிற்று.

முதல் ஞாயிறு வந்த நால்வருள் நாற்பதை எட்டிய பெண்மணி ஒருவர் இருந்தார். உதிரிப் பாகங்களைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் பத்தாண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. சோழவரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டவர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் உடையோரை நிரந்தரப் பணியாளராக்கிச் சோதனை மேசைக்கு மாற்றப்போவதாக அவருடைய நிறுவனம் அறிவித்திருந்தது. வரவிருக்கும் துணைத்தேர்வின் முடிவு வந்ததும் பெயர்ப்பட்டியல் முடிக்கப்பட்டுவிடும். அவருக்கு மற்ற நான்கு பாடங்களும் முன்பே தேறியிருந்தன. தமிழ் மட்டும் இருமுறை தவறியிருந்தது.

“இங்கிலீசே பாஸாயிட்டேன் சார். தமிழுதான் பேஜாரு பண்ணுது” என்றார்.

அருகிலிருந்தவர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன், ஆயினும் உள்ளுக்குள் ஒரு வியப்பு. தாய்மொழியில் தெளிவாகப் பேசும் ஒருவர், பிற பாடங்களிலெல்லாம் தேறியவர், தமிழில் மட்டும் ஏன் தவறுகிறார்? கேட்டேன். “தெர்ல சார்” என்றார். மறு ஞாயிறு அவரும் வரவில்லை.

வகுப்பை இணையத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது. எனக்கு மடிக்கணினியில் தட்டச்சு செய்யத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நூலகர் எனக்கு ஓர் ஆசிரியர் குழுவைக் காட்டினார். இணையவழிக் கற்பித்தலில் அப்போதுதான் அடியெடுத்து வைக்கும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு அது. எந்தச் செயலியில் வினாப்படிவம் அமைக்கலாம், ஒலிப்பதிவில் இரைச்சலை எப்படிக் குறைக்கலாம், காணொளியின் அளவைச் சுருக்குவது எங்ஙனம் என்று நாள்தோறும் அங்கே பேச்சு நடக்கும். புதியவருக்கென ஒரு வழக்கம் உண்டு. அவர் தம் முதல் பாடத்தை அங்கே வைக்கவேண்டும். கேட்டவர்கள் இரண்டு பாராட்டும் ஒரு விருப்பமும் சொல்லவேண்டும். விருப்பம் ஒன்றுதான், இரண்டாவது குறையைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நானும் வைத்தேன். நாற்பத்திரண்டு நிமிடக் காணொளி.

பள்ளிப்பட்டு வட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் முதலில் மறுமொழி அனுப்பினார். அவர் எழுதுவதில்லை, எப்போதும் குரற்பதிவுதான். பின்னணியில் கோழி கொக்கரிக்கும். இடையில் “நைனா, அத அந்தாண்ட ஓட்டு” என்று எவரையோ ஏவுவார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

“ஐயா, உங்க குரல் கணீர்னு இருக்கு, இது ஒண்ணு. ஒரு சொல்லக்கூட முழுங்கல, இது ரெண்டு. விருப்பம் இன்னான்னா, முழுசும் கேக்கணும்னு ஆசதான், ஆனா அதுக்கு நான் லீவு போடணும். மூணு நிமிசமா அறுத்துக் குடுங்க.”

காட்சியை விட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டைப் பதினான்காக அறுத்தேன். ஒவ்வொரு துண்டும் தனியே நிற்கவேண்டுமானால் என் வாக்கியங்கள் பாதியாகக் குறையவேண்டியிருந்தது. குறைத்தேன். வகுப்பில் பலகை முன் நிற்கும்போது ஒரு கருத்தைச் சுற்றி நான் எத்தனை வட்டம் அடித்திருக்கிறேன் என்பதை அந்த வயதில்தான் அறிந்தேன். விலைகொடுத்து வாங்கும் செயலியொன்றைப் பற்றி அவரிடம் கேட்டபோது, “டப்பு குடுத்து எதுவும் வாங்காதீங்க ஐயா, சும்மா கெடைக்கிறதுலயே எல்லாம் கீது” என்று தடுத்து, வினாப்படிவம் அமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொன்னதும் அவரே.

அந்தப் படிவத்தில் வைத்த முதல் பயிற்சித் தேர்வின் விடைகளைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். முதல் ஐந்து வினாக்களும் நானே புனைந்து ஒலிப்பாடத்தில் படித்த ஓர் உரைநடைப் பத்தியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓர் ஊரில் ஏரி நிரம்பி மதகு திறக்கும்போது, தண்ணீர் முதலில் வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களுக்குப் போய்ச் சேரவேண்டும், அதன்பின்னரே மதகை அடுத்துள்ள தலைமடை வயல்கள் நனையலாம் என்று ஒரு கட்டுப்பாடு இருந்ததாகப் பத்தி சொல்லும். ஐந்தாம் வினா: முதலில் நீர் பெறும் வயல் எது? ஒன்பது பேரும் தலைமடை என்று விடையளித்திருந்தனர். பத்தியைக் கேட்ட எவருக்கும் ஐயம் எழ இடமில்லாத வினா அது.

குழுவில் கேட்டேன். கடம்பத்தூரிலிருந்து நாள்தோறும் மின்தொடர் வண்டியில் ஆவடிப் பக்கம் பணிக்குச் செல்லும் கணித ஆசிரியர் ஒருவர் குழுவில் இருந்தார். அவர் மறுமொழிகள் வண்டி ஓடும்போது மட்டுமே வரும். “ஐயமே இல்லை, பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூன்று பூட்டுகள் போடுங்கள். ஒன்று, வினாக்களின் வரிசை ஒவ்வொருவருக்கும் மாறட்டும். இரண்டு, தேர்ந்த விடையை மாற்றக்கூடாது. மூன்று, ஒரு கருவியிலிருந்து ஒரு விடைத்தாள்தான். அமைப்பில் நான்காவது வரி. திருநின்றவூர் வந்துவிட்டது, பிறகு” என்று எழுதினார்.

அவர் சொன்னபடியே மூன்று பூட்டுகளையும் போட்டேன். ஒரே கருவியில் இரண்டாம் முறை விடையளிக்க முயல்வோர்க்குத் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும். அதன் வாசகத்தை நாமே அமைத்துக்கொள்ளலாம். இயல்பாக அதில் இருந்த தொடர் எனக்குச் சுவைக்கவில்லை. நீக்கிவிட்டு, ‘தங்களுக்குரிய வாய்ப்பு முடிவுற்றது’ என்று எழுதினேன். சுருக்கமும் செறிவும் உடைய தொடர் என்று மனநிறைவு வேறு.

அடுத்த தேர்வுக்கு நான்கே தாள்கள் வந்தன. அதற்கடுத்த தேர்வுக்கும் நான்கு. அந்தப் பெண்மணியின் பெயரில் எதுவும் வரவில்லை. ஒலிப்பாடங்களைப் பற்றி எப்போதாவது பிறர் கைப்பேசியிலிருந்து ஒரு சொல் அனுப்புவார், அதுவும் நின்றது. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள்கள் தொடங்கிவிட்டன. அவர் விண்ணப்பித்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இதைக் குழுவில் தெரிவித்தபோது, பள்ளிப்பட்டு ஆசிரியை ஒரு குரற்பதிவு அனுப்பினார். அன்று கோழிகள்கூட அமைதியாக இருந்தன.

“ஐயா, பாத்து எழுதறவங்க நல்லா படிக்கறவங்களப் பாத்துதான எழுதுவாங்க? இங்க தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் சேந்து ஒரே தப்ப பண்ணிக்கிறாங்க. ஒரு எடத்துல ஒக்காந்துகினு பேசி முடிவு பண்ணாத்தான் அப்டி வரும். அவங்க எங்க ஒக்காந்துகினு எழுதுறாங்க? அதக் கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை. என் சொந்தத் தொழிலின் பாலபாடத்தையே மறந்திருந்தேன். இரண்டு சுவடிகளில் சரியான பாடம் ஒத்திருப்பதால் எதையும் முடிவுசெய்ய இயலாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் அவை ஒரே மூலப்படியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று கொள்ளலாம். ஒன்பது தாள்களில் ஒரே பிழை. அப்படியானால் மூலப்படி ஒன்று எங்கோ இருக்கிறது. நண்பகல் ஒரு மணிக்குப் பின் அது எங்கே இருக்கும்?

நூலகரிடம் இருந்த பெயர்ப்பட்டியலை மீண்டும் பார்த்தேன். ஒன்பது பேரும் ஒரே நிறுவனம், வெவ்வேறு பிரிவு. ‘ஷிப்டு’ என்று அவர்கள் சொல்லும் வேலைமுறையில் இரண்டாவது பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடக்கம். அந்த வாரம் அவர்களுக்கு இரண்டாம் முறைதான். மறுநாள் நண்பகலில் திருவள்ளூரில் அந்நிறுவனத்தின் பேருந்து புறப்படும் இடத்துக்குப் போய் நின்றேன்.

என்னை முதலில் கண்டவர் அந்தப் பெண்மணி. கண்டதும் கையிலிருந்த உணவுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

“இன்னா சார், இந்தப் பக்கம்?”

“உங்களைத்தான் பார்க்க வந்தேன் அம்மா. ஏன் தேர்வு எழுதுவதில்லை?”

அவர் பதில் சொல்வதற்குள் பேருந்தின் சன்னலோரத்திலிருந்து ஓர் உரத்த குரல் குறுக்கிட்டது. அவரும் என் ஒன்பது மாணவருள் ஒருவர். எந்திரப் பிரிவில் வேலை.

“நீங்கதான் சார் எழுத உடமாட்டேன்னுட்டீங்க! அக்காவுக்கு இருக்கிறது பட்டன் போனு. நல்ல போனு பொண்ணுக்கூட காலேஜிக்குப் போயிடுது. மின்னயெல்லாம் நாந்தான் என் போன்லேர்ந்து ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு ஒம்பது வாட்டி தட்டி அனுப்புவேன். வெரலே தேஞ்சு போச்சு. இப்ப ரெண்டாவது பேர் போட்டாலே, வாய்ப்பு முடிஞ்சுபோச்சுன்னு வருது. சொந்தமா நல்ல போனு வெச்சிருக்கிற நாலு பேருதான் அனுப்ப முடியுது.”

“முடிவுற்றதுன்னு வந்துச்சு” என்று திருத்தினார் அந்தப் பெண்மணி, என்னைப் பாராமல். “நான் நெனச்சேன், நமக்கு இனிமே இல்லன்னு சார் சொல்லிட்டாருபோலன்னு. ரெண்டு வாட்டி பெயிலான ஆளு, இன்னும் எத்தினி வாட்டிதான் சொல்லிக் குடுப்பாருன்னு… பரீச்சைக்கும் பாரம் போடல சார்.”

விண்ணப்பத்தின் கடைசி நாள் மறுநாளைக்கு மறுநாள். என் செறிவான மூன்று சொற்கள் செய்த வேலை அது. அந்த வாய்ப்பு ஒரு பயிற்சித்தாளின் வாய்ப்புதான், அதுவும் அந்தக் கைப்பேசியைப் பற்றியது, அவரைப் பற்றியதன்று என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார். நம்பியவராகத் தோன்றவில்லை.

“சார், டைம் ஆய்டுச்சு” என்றார் ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும்; நெற்றியில் திருநீறு; சோழவரம் ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம் உள்ளவர் என்று பின்னர் அறிந்தேன். “பேசணும்னா ஏறி ஒக்காந்து பேசுங்க. வெளியாள ஏத்தக்கூடாதுதான். வாத்தியாரு இன்னா வெளியாளு? கவரப்பேட்டைல எறக்கி உட்டுர்றேன்.”

ஏறினேன்.

தாமரைப்பாக்கம் வரை ஊர்ப்பேச்சு. செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் உரத்த குரல்காரர் எழுந்து, இருக்கைக் கம்பியில் சாய்ந்து நின்று, தம் கைப்பேசியை எடுத்தார். பேருந்தின் ஒலிபெருக்கியில் ஓடிய திரைப்பாடல் நின்றது. என் குரல் ஒலித்தது! நான் அனுப்பிய மூன்று நிமிட ஒலிப்பாடம். முன்வரிசை முதல் பின்வரிசை வரை தொழிலாளர் அனைவரும் கேட்டனர். தேர்வெழுதப்போகும் ஒன்பது பேர் மட்டும் அல்லர். என்றோ தேறியவர்கள், பட்டயப்படிப்பு முடித்தவர்கள், எழுத்தே அறியாத ஒரு மூத்த பெண்மணி, எல்லாரும்.

பாடம் முடிய, வண்டி சுங்கச்சாவடி வரிசையில் போய் நின்றது. “கேள்வி ஒண்ணு!” என்றார் உரத்த குரல்காரர். வினாவைப் படித்தார். ஒவ்வொரு விடையாகச் சொல்லச் சொல்லக் கைகள் உயர்ந்தன. அதிகக் கைகள் எதற்கோ அதுவே எல்லாருடைய விடை. வண்டி நிற்கும்போது மட்டும் ஓட்டுநரின் இடக்கையும் உயர்ந்தது.

“இன்னாண்ணே, நீயும் பாஸ் பண்ணப் போறியா?”

“நான் ஏற்கனவே எட்டாவது பாஸ். உன்னாட்டம் பிட்டு வெச்சு இல்ல.”

மூலப்படியைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்குள் எழுந்த மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. அரிய ஏடொன்று பரணில் கிடைத்தாற்போல் இருந்தது. “முதல் தேர்வில் ஐந்தாம் வினாவுக்குத் தலைமடை என்று விடை சொன்னவர் யார்?” என்று உரக்கக் கேட்டேன்.

ஓட்டுநர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். “நாந்தான் சார். இன்னா, தப்பா? எங்க ஏரில பரம்பரையா தலமடைக்குத்தான் மொதல் தண்ணி. ஏரித்தண்ணி பாயறவன் நான் சொல்றேன்னு எல்லாரும் கைதூக்குனாங்க.”

“பத்தியில் அப்படி இல்லையே ஐயா.”

“பத்தில இல்லன்னா பத்திய மாத்துங்க சார்.”

வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கிடையில் நான் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வினாவுக்கும் அந்தப் பெண்மணியின் கை எல்லாருக்கும் பின்னர்தான் உயர்ந்தது. முன்னிருக்கையைப் பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், பிறகு உயர்த்துவார். கூட்டத்தோடு சேர்ந்தால் பத்துக்கு ஒன்பது மதிப்பெண். தேர்வுக்கூடத்தில் கூட்டம் ஏது? இவருக்குப் பாடம் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எந்தப் படிவமும் எனக்குச் சொல்லவில்லை. அதை அப்போதே அறிந்துகொள்ளவேண்டும் என்ற ஆவல் மேலிட்டது. அவரை நாணச்செய்துவிடுவோமோ என்ற அச்சமும் இருந்தது.

“ஐந்தாம் வினாவை மட்டும் இன்னொரு முறை கேட்போம். பத்தியை முழுதும் கேளுங்கள். பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கை உயர்த்துங்கள்” என்றேன்.

“எல்லாரும் மூடுங்கப்பா” என்றார் ஓட்டுநர். “நான் மூட மாட்டேன். மூடுனா வண்டி நேரா ஏரிக்குத்தான் போவும்.”

பத்தி மீண்டும் ஒலித்தது. கண்கள் மூடின. “தலைமடை” என்றேன், கைகள் ஒரு காடாக உயர்ந்தன. கண் திறந்திருந்த ஓட்டுநரின் கையும் விடாப்பிடியாக அதில் இருந்தது. “கோயில் நிலம்” என்றேன், ஒன்றிரண்டு. “கடைமடை” என்றேன்.

ஒரே ஒரு கை. தோளுக்கு மேல் போகாத கை. அந்தப் பெண்மணியுடையது.

“யக்கோவ்! நீ மட்டும் இன்னா தனியா?” என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கூவிவிட்டார். எல்லாக் கண்களும் திறந்தன. கை சட்டென்று மடிக்குள் இறங்கியது.

“தப்பா சார்?”

“சரி” என்றேன். “இந்த வண்டியிலேயே நீங்கள் ஒருவர்தான் சரி.”

அவர் நம்பாமல் உரத்த குரல்காரரைப் பார்த்தார். உரத்த குரல்காரர் பத்தியைப் பின்னோக்கித் தள்ளி அந்த ஒரு வரியை ஒலிக்கவிட்டார். கடைமடை என்று என் குரல் சொன்னது.

“அப்ப மொத வாட்டி ஏன் தலைமடைக்குக் கை தூக்கினீங்க அம்மா?” எனக் கேட்டேன், என்னையறியாமல் என் பேச்சும் அவர்கள் பேச்சாகியிருந்தது.

“எல்லாரும் தூக்குனாங்க சார்.” சற்று நேரம் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். “எங்க அப்பா கடமடைல கூலிக்குப் போனவரு. அங்க தண்ணி வந்து சேர்ற வரைக்கும் நடவு கெடையாது. நடவு இல்லன்னா கூலியும் இல்ல. மொதல்ல கடமடைக்குத் தண்ணி உட்ற ஊரு ஒண்ணு கீதுன்னு நீங்க படிச்சீங்க பாருங்க, அது அப்டியே மனசுல நின்னுச்சு. ஆனா அண்ணன் ஏரிக்காரரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு…”

வண்டி வரிசையில் ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. பிறகு ஓட்டுநர், “அந்த ஊரு எங்க சார் கீது?” என்று கேட்டார்.

“என் பத்தியில்தான் இருக்கிறது.”

“அதான பாத்தேன்.” மீண்டும் சிரிப்பு. ஆனால் வண்டி கிளம்பும்போது, “யக்கா கேட்டுது, நாங்க கேக்கல. அவ்ளோதான்” என்றார், கண்ணாடியைப் பாராமல்.

தமிழில் மட்டும் ஏன் தவறினார் என்ற என் பழைய கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. கணக்கில் விடை வந்துவிட்டால் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை இறக்கிவைத்துவிட்டார். தமிழில்தான் அவர் தம் சொந்தக் கருத்தை எழுதவேண்டியிருந்தது. “எழுதுவேன் சார். எழுதுனதப் பாத்தா நம்ம பேசற மாதிரியே கீதேன்னு தோணும். பரீச்சைல அப்டியா இருக்கும்னு அடிச்சுருவேன். வேற எழுதறதுக்குள்ள மணி அடிச்சுரும்.”

மறுநாள் அவருக்கு வார விடுமுறை. விண்ணப்பிக்கவேண்டும் என்று நான் சொல்வதற்குமுன் வண்டியே சொல்லிவிட்டது. சேவை மையம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தப் படம் வேண்டும், பழைய மதிப்பெண் பட்டியல் எங்கே என்று ஆளுக்கொன்று. கவரைப்பேட்டையில் நான் இறங்கும்போது உரத்த குரல்காரர், “நாளைக்கி அக்கா பாரம் போடலன்னா, நாளான்னிக்கு வண்டில ஏத்த மாட்டோம் சார்” என்று உறுதியளித்தார். மறுநாள் மாலை அவர் மகளின் கைப்பேசியிலிருந்து எனக்கு ஒரு நிழற்படம் வந்தது: விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு. கீழே ஒரு சொல்லும் இல்லை.

அன்றே மூன்றாம் பூட்டைத் திறந்தேன். வரிசை மாற்றத்தையும் நீக்கினேன். ‘தங்களுக்குரிய வாய்ப்பு முடிவுற்றது’ என்ற தொடர் இனி எவர் திரையிலும் தோன்றாது, ஆயினும் அதை அழித்துவிட்டு, ‘மீண்டும் வருக’ என்று எழுதினேன். ஆனால் இரண்டாம் பூட்டை, தேர்ந்த விடையை மாற்ற முடியாதபடி செய்த அந்தப் பூட்டை, அப்படியே வைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு பயன் இருந்தது. பேருந்து செங்குன்றத்தை அடையும் முன்பே அந்தப் பெண்மணி உரத்த குரல்காரரின் கைப்பேசியை வாங்கி, பாடத்தைத் தனியே கேட்டு, தம் விடைகளை முதலில் பதிந்துவிடவேண்டும். பின்னர்தான் வாக்கெடுப்பு. வண்டியே வேறு விடை சொன்னாலும் அவர் விடை நிற்கும். முதல் வாரம் எனக்கு அழைப்பு வந்தது. “சார், ஏழாவது மட்டும் தொறந்து உடுங்க, மாத்தணும்.” “திறக்க இயலாது அம்மா” என்றேன். ஏழாவது சரியாகவே இருந்தது. இரண்டாம் வாரம் எட்டாவது. அதுவும் சரி. மூன்றாம் வாரம் கேட்ட வினா தவறாக இருந்தது. அதைக் கண்டு அவரைவிட நான்தான் ஆறுதல் அடைந்தேன். தவறும் இவருடைய சொந்தத் தவறு, யாரிடமிருந்தும் பெற்றதன்று. சொந்தத் தவறைத் திருத்துவது எளிது.

நெடுவினாக்களுக்கு வேறொரு வழி செய்தோம். விடையைக் கையால் எழுதி, மாலையில் மகளின் கைப்பேசியில் நிழற்படம் எடுத்து அனுப்புவார். அடித்தல் திருத்தல்களை நான் எண்ணி அனுப்புவேன். வேறெந்தக் கருத்தும் முதலில் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் பதினாறு இருந்தது. அடித்த வரிகளையும் நான் படிப்பதுண்டு. அவற்றுள் பல, அவற்றுக்கு மேல் எழுதப்பட்ட வரிகளைவிட நன்றாயிருந்தன.

தேர்வு நாளன்று தேர்வுக்கூடத்தின் வாயிலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எத்தனை இடத்தில் அடித்தீர்கள்?”

“ஒரே எடத்துல சார்.” சிறிது நடந்தபின், “அதையும் அடிச்சிருக்கக் கூடாது” என்றார்.

முடிவு வந்த நாளில் நான் இணையத்தில் அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது. எண் உரத்த குரல்காரருடையது. குரல் அந்தப் பெண்மணியுடையது. பின்னணியில் வண்டி இரைச்சல். “பாஸ் சார்” என்றார். மதிப்பெண்ணைக் கேட்டேன். சொன்னார், தேறுவதற்கு வேண்டியதைவிட ஏறத்தாழ இருபது கூடுதல். “அந்த அடிச்சது நின்னிருந்தா முழு இருபதாயிருக்கும்” என்றார். “அடுத்த மாசத்துலேர்ந்து சோதன மேசைக்கு வரச் சொல்லிட்டாங்க.” இடையில் ஓட்டுநர் குரல் கேட்டது: “வாத்தியார கேளு, அந்தக் கடமட ஊருக்கு வழி எதுன்னு!”

குழுவில் என் பட்டறிவை எழுதி வைத்தேன். புதியவர்கள் சில மாதங்களுக்குப் பின் இவ்வாறு எழுதவேண்டும் என்பதும் அங்கே வழக்கம். பேருந்து, சுங்கச்சாவடி, கண்மூடி வாக்களித்தது, இரண்டாம் பூட்டு எல்லாவற்றையும் எழுதினேன். கடம்பத்தூர்க் கணித ஆசிரியர், “என் பூட்டுகளில் ஒன்றாவது பயன்பட்டதே. வேப்பம்பட்டு வந்துவிட்டது, பிறகு” என்று எழுதினார். பள்ளிப்பட்டு ஆசிரியை இரண்டு பாராட்டுச் சொன்னார். விருப்பம் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கப்படி ஒன்று சொல்லியாகவேண்டும் என்று வற்புறுத்தினேன். “அப்ப, அந்தப் பத்திய எனக்கும் அனுப்புங்க ஐயா. எங்க ஊர்லயும் ஏரி கீது. எங்க பசங்க இன்னா சொல்றாங்கன்னு பாக்கணும்” என்றார்.

அன்று மாலை, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆசிரியர் ஒரு கேள்வி எழுப்பினார். “ஐயா, தங்கள் குறிப்பைப் படித்தேன். மிகவும் பயனுள்ளது. அந்தக் கண் மூடும் வசதி எந்தச் செயலியில் இருக்கிறது?”

சிரித்துக்கொண்டே மறுமொழி தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பிறகு நிறுத்தினேன். அவர் மாணவர்கள் எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று முதலில் கேட்டேன்.